வீட்டில் வைத்துப் படிக்க வைத்தால் பிள்ளைகளுக்குக் கூட்டாளி எங்கே கிடைக்கும்? (மண்டபம் – கீழக்கரை பக்கம்)

மண்டபம்_கரை கேட்டது:

வணக்கம். மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு முடிக்கிறான். மகளுக்கு 10, ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். இருவரும் தமிழ்வழி. வரும் ஜூனிலிருந்து இருவரையும் வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுக்கலாம் என்று யோசனை. பாடத்தைப் பற்றிப் பயமில்லை, அதை நானும் அவரும் பார்த்துக்கொள்வோம். மாமியார் முதல் மீன் கொண்டுவரும் அக்கா வரை எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நாலு புள்ளைகளோட பழகாம எப்படி வளரும்?" நியாயமான கேள்வி, ஆனால் என்னிடம் பதில் இல்லை.

சென்னை, கோவை மாதிரி வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கூடும் இடம் எதுவும் இங்கே என் கண்ணில் படவில்லை. வாரத்துக்கு எவ்வளவு நேரம் மற்ற பிள்ளைகளோடு இருக்க வேண்டும்? எப்படிச் சேர்த்துவிடுவது? இரண்டு மூன்று வருடம் கழித்துப் பள்ளிக்கே திரும்ப நேர்ந்தால் எதில் இடிக்கும்? அரசுத் தரப்பில் யாராவது வந்து கேட்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

வேதாளை_வீட்டுப்பள்ளி எழுதியது:

வீட்டுக்கல்விக் குடும்பங்களைத் தேடி அலைய வேண்டாம். பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு குடும்பம் கிடைத்தாலும் மாதம் ஒரு தடவைதான் பார்க்க முடியும். மாதம் ஒரு தடவை பார்ப்பவன் விருந்தாளி. சண்டை போட்டுவிட்டு மறுநாள் அதே முகத்தில் முழிக்க வேண்டிய பிள்ளைகள்தான் உங்களுக்குத் தேவை. அவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், பள்ளிக்குப் போய்வருகிறார்கள், அவ்வளவுதான்.

முதல் சிக்கல் நேரம். உங்கள் பிள்ளைக்குக் காலை பத்து மணிக்கே பாடம் முடிந்துவிடும். இந்த வயதில் உட்கார்ந்து படிக்க இரண்டு, இரண்டரை மணி நேரம் தாராளம். அதன்பின் அவன் ஓய்வாக இருக்கும் நேரமெல்லாம் மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம். அவர்கள் நாலேகாலுக்கு விட்டு வீடு வந்து, வாயில் எதையாவது போட்டுக்கொண்டு தெருவுக்கு வர நாலே முக்கால் ஆகும். ஆறு, ஆறரைக்கு டியூஷன். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மதரஸா, ஊருக்கு ஊர் அது காலையிலோ மக்ரிபுக்குப் (அந்தித் தொழுகைக்குப்) பிறகோ இருக்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞாயிறு காலை பூசையும் மறைக்கல்வியும். கூட்டிக் கழித்தால் வார நாளில் ஒன்றரை மணி நேரமே மிச்சம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் உங்கள் வீட்டில் எந்த வேலையும் வைக்காதீர்கள். பாட்டு வகுப்பு, கடைக்குப் போவது, குளிப்பது எல்லாம் காலையிலோ மதியமோ முடிய வேண்டும். வீட்டுக்கல்விப் பிள்ளைகள் தனியாகிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெற்றோர் மாலையை வகுப்புகளால் நிரப்பிவிடுவார்கள், "ஐந்து வகுப்புக்குப் போகிறான், பழகாமலா இருக்கிறான்" என்பார்கள். சிலம்ப வகுப்பில் ஆசான் சொல்வதைத்தான் செய்கிறான். பக்கத்தில் நிற்பவன் பெயர்கூடத் தெரியாமல் ஆறு மாதம் ஓடிவிடும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். கணக்குக்கு மேல் ஒழுங்கு முக்கியம். ஆனாலும் ஒரு கீழ்வரம்பு வேண்டுமென்றால்: வாரத்தில் நான்கு மாலையாவது தெரு விளையாட்டு, அதோடு சனி அல்லது ஞாயிறு ஒருநாள் இரண்டு மூன்று மணி நேரம் ஒரே குழு. குழுவில் நாலு முதல் ஆறு பேர், வயது வித்தியாசம் மூன்றுக்குள். இரண்டே பேர் என்றால் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டம் நின்றுவிடும். மூன்று பேர் என்றால் இருவர் ஒரு கட்சி, ஒருவன் வெளியே. எட்டுக்கு மேல் போனால் பெரியவர் ஒருவர் நடுவராக நிற்க வேண்டிவரும், அப்புறம் அது பி.டி. பீரியட்.

தொடங்க நல்ல நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், கோடை விடுமுறையும் சேர்ந்தே வரும், பிள்ளைகள் நாள் முழுக்கத் தெருவில்தான். உங்கள் மகனை இப்போதே அந்தக் கூட்டத்தில் கலந்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு போய்ச் சேர்ந்தால் அவன் புதியவன். மே மாதமே சேர்ந்திருந்தால், பள்ளிக்கு வராமல் இருக்கும் பழைய கூட்டாளி. பிள்ளைகள் கணக்கில் இரண்டுக்கும் நிறைய தூரம்.

செய்முறை சுருக்கமாக: நிழல் உள்ள ஓர் இடம், உங்கள் வாசலாக இருந்தால் நல்லது. ஒரு குடம் தண்ணீர், இரண்டு டம்ளர். ரப்பர் பந்து இரண்டு (ஒன்று கட்டாயம் தொலையும்). ஒரு நாள் பொரி, ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் ஒன்றுமில்லை. தினமும் தின்பண்டம் கொடுத்தால் பிள்ளைகள் அதற்காக வருவார்கள், அடுத்த வீட்டு அம்மாக்களுக்கும் சங்கடம். நீங்கள் காதுக்கு எட்டும் தூரத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருங்கள். சண்டைச் சத்தம் கேட்டால் உடனே எழுந்து போகாதீர்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள். பெரும்பாலும் அதற்குள் "டூ" விட்டு, காய் பழமாகி, ஆட்டம் மறுபடி ஓடும். அடி, கல்லெடுப்பது, ஒரே பிள்ளையை மூன்றாவது நாளும் சேர்க்காமல் விரட்டுவது, இந்த மூன்றுக்கும் மட்டும் போங்கள். போனாலும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "என்ன விதி போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

ஏழாங்கல் ஆட்டத்தைச் சிபாரிசு செய்வேன். ஏழு தட்டைச் சில்லுகளை அடுக்கி, பந்தால் அடித்துக் கலைத்து, மறு கட்சிக்காரன் பந்தால் அடிப்பதற்குள் திரும்ப அடுக்க வேண்டும். பந்து உடம்பில் பட்டதா சட்டையில் பட்டதா, அடுக்கு முடிந்த பிறகு சரிந்ததா முன்னாலேயே சரிந்ததா என்று ஆட்டத்துக்குப் பத்து வழக்கு வரும். நடுவர் இல்லாததால் அத்தனையையும் அவர்களே பேசித் தீர்க்க வேண்டும். அதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். நம் பக்க மணலில் அடுக்கு நிற்காது, கீழே ஒரு பலகைத் துண்டு போடுங்கள். ஓட்டுச்சில்லு போதும், கரையில் ஒதுங்கிய பவளக்கல்லைப் பொறுக்க வேண்டாம், வனத்துறை பிடித்தால் வழக்கு.

சின்னவன் யாராவது அழுதுகொண்டு நின்றால் பெரிய பிள்ளைகளே "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை. ஒரே வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை உட்கார வைக்கும் வகுப்பறையில் இது கிடைக்காது. பெரியவன் விட்டுக்கொடுக்கப் பழகுகிறான், சின்னவன் பார்த்துப் பார்த்து விதியைக் கற்றுக்கொள்கிறான். உங்கள் 10 வயது மகளுக்கும் 7 வயது மகனுக்கும் ஒரே குழு முதல் வருடம் ஓடும். அதன்பின் அவளுக்குத் தனியாக வேண்டும்.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

அம்மா, மேலே சொன்னது சரி. ஆனால் தெரு விளையாட்டு கொடுக்காத சிலவும் பள்ளியில் உண்டு. தாய் தகப்பன் அல்லாத ஒரு பெரியவர் சொல்வதைக் கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்பது. முப்பது பேரில் தன் முறை வரும்வரை காத்திருப்பது. பிடிக்காத ஒருவன் பக்கத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பது. எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் வாசிப்பது, தப்பாக வாசித்து நாலு பேர் சிரித்தாலும் மறுபடி வாசிப்பது. சலிப்பைப் பொறுப்பது. இவற்றுக்கு வீட்டில் வழி செய்ய வேண்டும். டியூஷன் இங்கே எல்லா ஊரிலும் உண்டு. பாடத்துக்காக இல்லாவிட்டாலும் கணக்குக்கு மட்டும் என்று வாரம் மூன்று நாள் அனுப்புங்கள். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்து ஒரு டீச்சரைக் கேட்கும் பழக்கம் அங்கே கிடைக்கும், அதே பிள்ளைகளோடு சேர்ந்து நடந்து வீடு வரும் பத்து நிமிடமும் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அனுப்பலாம்.

பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் தடுமாறுவது அறிவில் இல்லை, கையிலும் வேகத்திலும்தான். கரும்பலகையைப் பார்த்து எழுதிப் பழக்கமில்லாத பிள்ளை, மற்றவர்கள் முடிக்கும்போது பாதியில் நிற்கும். நிமிர்ந்து பார்த்து, நினைவில் வைத்து, குனிந்து எழுதுவது ஒரு தனித் திறமை. சேர்ப்பதற்கு மூன்று மாதம் முன்னாலிருந்து சுவரில் ஒரு பலகை வைத்து, ஆறடி தள்ளி உட்கார வைத்து, தினமும் பத்து வரி எழுத வையுங்கள். முதலில் நேரம் பார்க்காதீர்கள், மூன்றாவது வாரத்திலிருந்து பாருங்கள். கேள்விக்குப் பதில் தெரிந்ததும் கத்திவிடுவது இன்னொன்று. வீட்டில் ஒருவனாக இருந்து படித்தவன் கையைத் தூக்கிக் காத்திருக்க மாட்டான், டீச்சருக்கு அது திமிராகத் தெரியும். சிறுநீர் கழிக்கக் கேட்டுப் போவது, மணி அடித்தால் பாதியில் நிறுத்துவது, தன் டிபன் பாக்ஸைத் தானே திறந்து இருபது நிமிடத்தில் சாப்பிடுவது, இவையும் பழக வேண்டியவைதான்.

இனி காகித விஷயம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்று பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. ஆகவே ஆசிரியர்கள் வந்து கேட்பார்கள், கேட்பது அவர்கள் வேலை. டி.சி. வாங்கியதும் பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு பள்ளி அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாவிட்டால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் உங்கள் வாசலுக்கு வருவார்கள். கடற்கரை ஊர்களில் இடைநின்றவர் என்றால் படகு வேலைக்குப் போனானா, பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சா என்ற சந்தேகம் முதலில் வரும். கோபப்படாதீர்கள். பிள்ளையின் நோட்டு, வாசித்த புத்தகங்களின் பட்டியல், வாரக் கால அட்டவணை, ஒரு கோப்பில் வைத்துக் காட்டுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், டி.சி., எமிஸ் எண் குறித்த தாள் நான்கும் அதே கோப்பில் இருக்கட்டும். திரும்பச் சேரும்போது வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், டி.சி. தாமதம் என்று எட்டாம் வகுப்புவரை மறுக்கக் கூடாது. எங்காவது இழுத்தடித்தால் பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417.

முக்கியமானது இது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய், இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சான்று பார்ப்பார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படியே. நடுவில் ஓரிரு வருடம் விட்டுப்போனால் அந்தத் தொடர்ச்சி போய்விடும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு வேலை ஒதுக்கீட்டுக்கு முதல் வகுப்பிலிருந்தே சான்று கேட்பார்கள். ஆக மகனை ஐந்தாம் வகுப்பு வயதுவரை வீட்டில் வைத்து ஆறில் சேர்த்தால் இழப்பு குறைவு. மகளை இப்போது நிறுத்தினால் இழப்பு அதிகம்.

சேர்க்கவே போவதில்லை என்றால் இரண்டு வழி. மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். அதன்பின் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு, 14½ வயது. அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னதாகவே தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பலர் இதில்தான் ஒரு வருடத்தைக் கோட்டை விடுகிறார்கள். மற்றது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாவதுக்கு 14 வயது, குறைந்தது 5 பாடம், ஒரு பதிவு ஐந்து வருடம் செல்லும், ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருடம் இரண்டு பொதுத்தேர்வு.

---

கீழக்கரை_லாத்தா எழுதியது:

தங்கச்சி, பையனைப் பற்றி எல்லோரும் நல்லாச் சொல்லிட்டாங்க. மகளைப் பற்றி நான் சொல்றேன், கொஞ்சம் கசக்கும்.

நம்ம கரையில பத்து வயசுவரைதான் பொண்ணு தெருவுல ஓடி விளையாடுவா. பதினொன்னு, பன்னிரண்டு ஆயிட்டா "உள்ள வா"ன்னு குரல் வந்துரும். நீங்க சொல்லாட்டியும் பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க, அவ கூட்டாளிங்க ஒவ்வொருத்தியா வெளிய வர்றது நின்னுரும். மதமெல்லாம் கணக்கில்ல, எல்லாத் தெருவுலயும் இதுதான். அந்த வயசுக்கு மேல ஒரு பொண்ணு தன் வயசுப் பொண்ணுங்களோட வீட்டாளுங்க கண்ணுக்கு அந்தால சிரிச்சுப் பேச, எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே இடம் பள்ளிக்கூடம். போற வழி, வர்ற வழி, சாப்பாட்டு நேரம். அதை நிறுத்திட்டு பதிலுக்கு என்ன கொடுக்கப் போறீங்க? தெரு விளையாட்டுன்னு சொல்லாதீங்க, ரெண்டு வருஷத்துல அது இருக்காது.

பத்திலிருந்து பதிமூணு வரை ஒரு உயிர்த்தோழி வேணும். பத்துப் பேர் கூட்டம் அதுக்கு ஈடாகாது. ரகசியம் சொல்ல, கோவிச்சுக்க, மாதவிடாய் வந்தா முதல்ல கேக்க ஒருத்தி. அந்தத் தோழி தினம் பார்க்கிறவளா இருக்கணும். அக்கா தங்கச்சி, மாமி மக எல்லாம் இதுக்கு ஆகாது, வீட்டுப் பேச்சு வீட்டுக்குள்ளயே சுத்தும்.

அப்படியும் நிறுத்தத்தான் போறீங்கன்னா, வாரம் மூணு தடவை மூணு நாலு பொண்ணுங்க கூடுற ஒரு இடம், பெத்தவங்க யாரும் ஆட்சேபிக்காத காரணத்தோட ஏற்பாடு பண்ணுங்க. தையல், ஓதுறது, எம்பிராய்டரி, நூலகம், எதுவா இருந்தாலும் சரி. காரணம் பெரியவங்களுக்கு, பேச்சு பொண்ணுங்களுக்கு. ஒரு ரூம், கதவு பாதி சாத்தி, நீங்க அடுப்படியில. போன்ல குரூப் வச்சுக் கொடுத்துட்டா ஆச்சுன்னு நினைக்காதீங்க. அதுல சண்டை வந்தா முகம் தெரியாது, அழிச்சுட்டுப் போயிருவாங்க.

என் யோசனை: பையனை வேணும்னா ரெண்டு மூணு வருஷம் வீட்டுல வச்சுப் பாருங்க. மகளை ஆறாம் வகுப்புல சேர்த்துருங்க.

---

மண்டபம்_கரை எழுதியது:

லாத்தா, நீங்கள் சொன்னதை இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. வாத்தியார் ஐயா சொன்ன ஆறாம் வகுப்புக் கணக்கும் சேர்ந்து மகள் விஷயத்தில் முடிவு மாறும் போலிருக்கிறது.

மகனைப் பற்றி ஒரு கேள்வி. கூட்டத்தில் ஒதுங்கி நிற்பான். இரண்டு பேர் என்றால் நன்றாக விளையாடுவான். தோற்றால் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். இது வெறும் கூச்சமா, டாக்டரிடம் காட்ட வேண்டியதா? வீட்டில் வைத்தால் இன்னும் அதிகமாகுமா?

---

பேச்சுப்பயிற்சி_இராமநாதபுரம் எழுதியது:

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் காதும் கண்ணும். இதைத் தாண்டித்தான் மனசுக்குப் போக வேண்டும். நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்கு ஒருவர் பேசினால் கேட்கும், ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினால் எதுவும் பிடிபடாது. கூட்டத்தில் ஒதுங்குவான், இருவர் என்றால் நன்றாக இருப்பான். நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது பாருங்கள். சளி அடிக்கடி பிடிக்கிறதா, காதில் சீழ் வந்ததுண்டா, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா? தூரப்பார்வை மங்கலாக இருந்தால் பறந்துவரும் பந்து கடைசி நொடியில்தான் தெரியும், அதனால் பந்தாட்டமே பிடிக்காமல் போகும். இரண்டையும் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவக் குழு வந்து பார்க்கும், வீட்டில் இருப்பவனை நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும். குடற்புழு மாத்திரையும், 10 வயதில் போடும் டி.டி. ஊசியும் அப்படித்தான், பள்ளியில் போட்டுவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி நடத்தை. கூச்சமுள்ள பிள்ளை ஓரமாக நின்று பார்ப்பான். ஆனால் ஆட்டத்தையேதான் பார்ப்பான், விதி அவனுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து யார் எப்படி அவுட் ஆனான் என்று சொல்வான். பத்துப் பதினைந்து நிமிடத்தில், அல்லது நாலைந்து நாளில், உள்ளே போய்விடுவான். அவனை விட்டுவிடலாம். ஆட்டத்தையே கவனிக்காமல் திரும்பி நிற்பது, பேசினால் தன் விருப்பப் பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்வது, எதிராளி கேள்விக்குப் பதிலாகத் தானும் ஒன்று கேட்காதது, கிண்டலையும் நிஜத்தையும் பிரித்தறியாதது, விதியில் சின்ன மாற்றம் என்றாலும் அரைமணி நேரம் அடங்காத அழுகை, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து பல மாதமாக இருந்தால் காட்டுங்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுபவன் வெளியே ஒரு மாதத்துக்கு மேலாக யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்றால் அதையும் கூச்சம் என்று தள்ளிப்போடக் கூடாது. (இதைப் படிக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கு: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வயதிலும் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டும் காத்திருக்க வேண்டிய அறிகுறிகள் அல்ல.)

இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டுக்கல்வி அதை உண்டாக்காது. ஆனால் மறைத்துவிடும். வகுப்பில் டீச்சர் கண்ணில் படுவது வீட்டில் யார் கண்ணிலும் படாமல் மூன்று வருடம் போய்விடும்.

தோற்றால் ஓடிவருவது 7 வயதில் சாதாரணம், பழக்கினால் மாறும். வீட்டில் தொடங்குங்கள். பாம்பு ஏணி, தாயம் போல அதிர்ஷ்டத்தால் முடியும் ஆட்டம், ஒரு சுற்று ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதது, ஒரே உட்காரலில் நாலைந்து சுற்று. சுற்று நீளமாக இருந்தால் தோல்வியும் பெரிதாகத் தெரியும். தாயம் முழு ஆட்டம் இழுக்கும், ஒரே காயை வைத்து ஆடுங்கள். மூன்றில் ஒன்றாவது அவன் தோற்கட்டும். எப்போதும் விட்டுக்கொடுத்தால் தெருவில் முதல் தோல்வி இடியாக விழும். நீங்கள் தோற்கும்போது "ப்ச், போச்சு, அடுத்த ஆட்டம் போடு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவன் வாயிலிருந்து அதே சொற்கள் வரும் நாள் வரும்.

தெருவுக்கு ஒரே ஒரு விதி போதும்: ஒரு சுற்று உட்கார்ந்துகொள்ளலாம், வீட்டுக்கு வரக் கூடாது. வந்தால் கதவு திறந்திருக்கும், தண்ணீர் கொடுப்பீர்கள், ஐந்து நிமிடத்தில் திரும்ப அனுப்புவீர்கள், அறிவுரை கிடையாது. பந்து அவனுடையதாக இருந்தால் சிக்கல்தான். முதல் இரண்டு மாதம் வேறு வீட்டுப் பந்தில் விளையாடட்டும்.

கூட்டத்தில் சேர வைக்க, "போய் சேர்ந்து விளையாடு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள். சேர்வதற்கும் ஒரு முறை உண்டு: பக்கத்தில் போய் நிற்பது, ஆட்டத்தைக் கொஞ்சம் பார்ப்பது, ஓடிவந்த பந்தை எடுத்துக் கொடுப்பது, ஒரு சுற்று முடியும்போது "நானும் வரட்டா, எந்தக் கட்சி?" என்று கேட்பது. ஆட்டம் நடுவில் கேட்டால் "போடா" என்றுதான் வரும். இதை வீட்டில் அக்காவோடு நடித்துப் பார்க்கலாம். சா பூ திரி போட்டுக் கட்சி பிரிக்கும் நேரத்துக்கே போய்விட்டால் கேட்கவும் வேண்டியதில்லை, நாலு நாற்பதுக்கு வாசலில் நிற்கட்டும்.

---

இருகடல் எழுதியது:

இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மண்டபத்தில் இருப்பதால் உங்களுக்கு ஒரு சௌகரியம், இரண்டு கடலும் பக்கம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா பக்கம் அலையும் மணல்காற்றும், பிள்ளைகள் வடக்குக் கரைக்குப் போவார்கள். ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். கூட்டம் எங்கே கூடும் என்று பெரிய பையன்களைக் கேட்டால் சொல்வார்கள். நீச்சல் தெரியாத பையனைக் கரைப் பிள்ளைகள் பாதி ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள், கேலிக்காக இல்லை, அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கும் வேண்டாம் என்பதால். இடுப்பளவு அமைதியான நீரில், பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில், இந்தக் கோடையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லாத் தெருக்குழுவும் உடையும். மழை ஒரு பக்கம், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். ஜூனில் ஆறரை தாண்டும், அந்த முக்கால் மணி நேர வித்தியாசம்தான் விளையாட்டு நேரத்தில் பாதி. அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். அந்த மூன்று மாதத்துக்கு ஒரு திண்ணை, ஒரு கேரம் போர்டு, ஒரு பல்லாங்குழி முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். நோன்பு மாதத்திலும் மாலை ஆட்டம் இருக்காது, காலையோ இரவுத் தொழுகைக்குப் பிறகோ மாறும்.

வகுப்பு என்று அனுப்புவதானால் பள்ளிச் சான்று கேட்காத இடங்களாகப் பாருங்கள். பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் வீட்டில் படிப்பவன் கலந்துகொள்ள முடியாது. சதுரங்கத்தில் 7, 9, 11, 13 வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்குச் சங்கம் வழியாகத் தனியாளாகவே பதியலாம், வயதுச் சான்று போதும். இராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளி 12 வயதுக்கு மேல்தான், மகளுக்கு இரண்டு வருடம் கழித்து. கிளை நூலகத்தில் உறுப்பினராக்கி, வாரம் ஒருநாள் அவனே நூலகரிடம் போய்ப் புத்தகம் மாற்றட்டும். நீங்கள் வாசலில் நில்லுங்கள். தபால் நிலையம், ரேஷன் கடை, மருந்துக்கடையும் இதே மாதிரி. அவனுக்காக நீங்கள் பேசிவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

---

மண்டபம்_கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கிறோம். மகனுக்கு இந்த வாரம் காது பார்க்கப் போகிறோம். கடைசியாக ஒன்று: "பள்ளிக்கூடம் போகாத பையனோட சேராதே" என்று மற்ற அம்மாக்கள் சொன்னால்?

---

வேதாளை_வீட்டுப்பள்ளி எழுதியது:

சொல்வார்கள். அவர்கள் பயம் உங்கள் மகனைப் பற்றியது அல்ல. "அவன் மட்டும் போகல, நான் ஏன் போகணும்" என்று தங்கள் பிள்ளை காலையில் அடம் பிடிக்கும், அதுதான். ஆகவே பள்ளி நேரத்தில் மகனைத் தெருவில் விடாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு மற்ற பிள்ளைகள் சீருடையில் போகும்போது இவன் வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தால் அன்றே பேச்சு கிளம்பும். அந்த நேரம் அவன் உள்ளே நோட்டும் கையுமாக இருக்கட்டும். பரீட்சை வாரத்தில் குழுவை நீங்களே நிறுத்திவையுங்கள், அம்மாக்கள் சொல்வதற்கு முன்னால். பள்ளி நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைக் குழாயடியிலும் கல்யாண வீட்டிலும் எடுக்காதீர்கள். மகனிடமும் ஒரே பதிலைச் சொல்லிவையுங்கள்: "இந்த வருஷம் வீட்டுல படிக்கிறேன், அக்கா ஸ்கூலுக்குப் போறா." அதற்கு மேல் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், பந்து எங்கே என்றுதான் கேட்பார்கள். அம்மாக்கள் கேட்பார்கள், அவர்களுக்கு ஒரு சனிக்கிழமை உங்கள் திண்ணையில் டீ போட்டுக் கொடுத்து, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கவிடுங்கள்.